வீட்டுக்குள் வரும் வேட்டைப் பூச்சிகள்

(கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்)



நம் குழந்தைகளுக்குக் காலாகாலத்தில் தடுப்பூசி போடுகிறோம். குடிநீரைக் காய்ச்சிக் கொடுக்கிறோம். இத்தனையும் செய்து கண்ணும் கருத்துமாக வளர்க்கும் பிள்ளை, ஒரு நாள் இரவு விறகு அடுக்கின் பக்கம் விளையாடப் போய்த் தேளிடம் கொட்டு வாங்கினால் என்ன செய்வது? அந்த ஒரு மணி நேரத்தில் தாயும் தகப்பனும் எடுக்கும் முடிவுதான் குழந்தையின் உயிரைக் காக்கும். பதற்றத்தில் யோசிக்க முடியாது. ஆகவே இன்றே யோசித்து வைத்துக்கொள்ள இந்த ஏடு.

நம் வீட்டுக்கு வரும் பூச்சி பொட்டுக்கள் எல்லாமே கெட்டவை அல்ல. சில நமக்கு உதவி செய்பவை. சில வலி மட்டும் தருபவை. ஒன்றிரண்டு உயிருக்கே உலை வைப்பவை. எது எது என்று பிரித்தறிவதுதான் இந்தப் பாடம்.

ஏன் வீட்டுக்குள் வருகின்றன?

தேள், பூரான், எட்டுக்கால் பூச்சி, குளவி ஆகியவை மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்று பிழைப்பவை. மனிதரைத் தேடி அவை வருவதில்லை. இரையைத் தேடித்தான் வருகின்றன. கரப்பான், கரையான், பாச்சை, ஈ, விட்டில் எங்கே அதிகமோ அங்கே இவையும் வரும். "எங்க வீட்ல பூரான் தொல்லை" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கரப்பான் எத்தனை இருக்கிறது என்பதைத்தான்.

மழைக்காலத்தில் வளைக்குள் தண்ணீர் புகுந்தால் மேட்டைத் தேடி வீட்டுக்குள் ஏறும். கோடையில் குளிர்ச்சியைத் தேடித் தண்ணீர்ப் பானையின் அடியிலும், குளியலறை மூலையிலும் ஒதுங்கும். இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பூச்சியைப் பின்தொடர்ந்தும் வரும்.

தேள்: அஞ்ச வேண்டியது எது?

தேளுக்கு எட்டுக் கால், முன்னால் இரண்டு கொடுக்கு, பின்னால் வளைந்த வால், அதன் நுனியில் விஷமுள். பகலெல்லாம் ஒளிந்திருந்து இரவில் வேட்டைக்குக் கிளம்பும். தேள் முட்டையிடுவதில்லை, குட்டி போடும். குட்டிகள் முதல் தோலை உரிக்கும் வரை தாயின் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எனவே வீட்டில் ஒரு தேளைக் கண்டால் பக்கத்தில் இன்னும் இருக்கலாம் என்று எண்ணித் தேடுங்கள்.

நம் பக்கத்தில் முக்கியமாக இரண்டு வகை:

1. கருந்தேள் (நட்டுவாக்காலி). பெரியது, கறுத்தது. முன்கொடுக்கு நண்டின் கொடுக்கு போலப் பருத்திருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும். கொட்டினால் நல்ல வலி, ஆனால் விஷம் அவ்வளவு கொடியது அல்ல.

2. செந்தேள். சிறியது, இரண்டு மூன்று அங்குலந்தான். செம்பழுப்பு நிறம். முன்கொடுக்கு மெலிந்திருக்கும். இதன் விஷமே கொடியது. "சின்னத் தேள்தானே" என்று அலட்சியம் செய்வது இதனிடத்தில்தான்; ஆபத்தும் இதனிடத்தில்தான்.

முன்கொடுக்கு பருத்ததற்குப் பிடித்து நசுக்கும் பலம் உண்டு, விஷம் குறைவு. முன்கொடுக்கு மெலிந்தது விஷத்தையே நம்பி வாழ்கிறது. இந்தக் குறிப்பை மறவாதீர்கள். ஆனால் இருட்டில் எந்தத் தேள் கொட்டியது என்று தெரியாமல் போகலாம். குழந்தைக்குக் கொட்டியிருந்தால் எந்தத் தேளானாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

செந்தேளின் விஷம் உடலில் என்ன செய்கிறது?

நாம் பயப்படும்போது நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, கை கால் சில்லிடுகிறது அல்லவா? அப்போது உடம்பில் ஊறும் சுரப்பை இந்த விஷம் அளவுக்கு மீறி ஊறச் செய்துவிடுகிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இருதயம் தாங்க முடியாத சுமையைத் தள்ள வேண்டியிருக்கிறது. கடைசியில் இருதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோக்கிறது. மூச்சு முட்டுகிறது. சிறு குழந்தையின் உடம்பு சிறியது, ஆனால் உள்ளே போகும் விஷம் பெரியவருக்குப் போகும் அதே அளவு. ஆகையால்தான் குழந்தைகளை அது அதிகம் பாதிக்கிறது.

ஆபத்தின் அறிகுறிகள் இவை:

• திரும்பத் திரும்ப வாந்தி
• உடம்பு முழுக்க வியர்வை, உச்சந்தலை முதல் நனைந்து போதல்
• கை கால் சில்லிட்டுப் போதல்
• வாயில் எச்சில் அதிகமாக ஊறுதல்
• ஆண் குழந்தையானால் ஆண்குறி விறைத்தே நிற்றல் (இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். மருத்துவருக்கு இது மிக முக்கியமான தகவல்)
• நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், இருமல், வாயில் நுரை

ஒரு விஷயத்தை நன்றாகக் கவனியுங்கள். கொட்டிய இடத்தில் வலி குறைவாக இருப்பதாலேயே ஆபத்து இல்லை என்று எண்ணக் கூடாது. குழந்தை அழுகையை நிறுத்தி, வியர்த்து, வாந்தி எடுத்துச் சோர்ந்து போனால் "வலி விட்டுடுச்சு, தூங்குது" என்று இருந்துவிடாதீர்கள். அதுதான் ஓட வேண்டிய நேரம்.

மருந்து உண்டு, பயம் வேண்டாம்

ஒரு காலத்தில் செந்தேள் கொட்டிக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் என்ற அளவில் இறந்து வந்தார்கள். மகாராஷ்டிர மாநிலம் ராய்கட் மாவட்டத்தில் மகாட் என்ற ஊரில் கிராம மக்களுக்கு வைத்தியம் செய்து வந்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், 1980-களில் 'பிரசோசின்' என்ற மாத்திரையைத் தேள்கடிக்குக் கொடுத்துப் பலன் கண்டார். சுருங்கிய இரத்தக் குழாயை அது தளர்த்திவிடுகிறது. இருதயத்தின் சுமை இறங்குகிறது. உரிய நேரத்தில் இந்த மருந்து கிடைத்தவர்களில் இறப்பு மிக அரிதாகிவிட்டது. அவருக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தேள் விஷத்துக்கான மாற்று மருந்தும் நம் நாட்டிலேயே தயாராகிறது. இவற்றைக் கொடுப்பதும், அளவைத் தீர்மானிப்பதும் மருத்துவரின் வேலை. கடையில் வாங்கி நாமே கொடுக்கக் கூடாது.

பாம்புக்கடிக்குப் போடும் ஊசி தேள்கடிக்கு உதவாது. ஆகவே என்ன கடித்தது என்று தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூரத்தில் நின்று செல்போனில் படம் பிடிக்க முடிந்தால் நல்லது. அதைத் தேடிப் பிடிக்கிறேன் என்று நேரத்தைப் போக்காதீர்கள்.

தேள் கொட்டினால் செய்ய வேண்டியவை

1. குழந்தையை ஓரிடத்தில் படுக்க வையுங்கள். தைரியம் சொல்லுங்கள்.
2. கொட்டிய இடத்தை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் போடலாம்.
3. மோதிரம், வளையல், அரைஞாண், கொலுசு இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றுங்கள்.
4. 108-க்குப் போன் செய்யுங்கள். கட்டணம் கிடையாது. வண்டி வரத் தாமதமாகும் என்றால் கிடைக்கிற வண்டியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, அரசு மருத்துவமனைக்கோ புறப்படுங்கள்.
5. கொட்டிய மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள். பிளேடால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். சூடு வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். புளியங்கொட்டையைத் தேய்த்து ஒட்டுவது நம் ஊரில் பழக்கம். அது உள்ளே போன விஷத்தை எடுப்பதில்லை. மந்திரிக்கப் போவதும் அப்படியே. மந்திரித்ததும் குணமானதாகச் சொல்கிறார்களே என்றால், பெரியவர்களுக்குக் கொட்டும் பல கொட்டுக்கள் தாமாகவே சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்தப் பெயர் மந்திரத்துக்குப் போகிறது. குழந்தைக்கு அந்தச் சில மணி நேரம் கிடைக்காது.

ஒரு கிராமத்து வீட்டில் இப்படிப் பேச்சு நடக்கலாம்:

மாமியார்: வெளியூர் ஆஸ்பத்திரிக்கு இந்த ராத்திரியில எதுக்கு? கோடி வீட்டுத் தாத்தா வேப்பிலை அடிச்சாப் போதும்.

மனைவி: என்னங்க, பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டுது. கை சில்லுனு இருக்கு. எனக்குப் பயமா இருக்கு.

கணவன்: அம்மா, தாத்தாகிட்ட காலையில போய்ச் சொல்லிக்கலாம். இப்ப வண்டியைக் கூப்பிடறேன். நீ பிள்ளையைத் தூக்கு.

இப்படி ஒரு சொல்லில் முடிவெடுக்கும் தைரியம் கணவனுக்கும் வேண்டும், மனைவிக்கும் வேண்டும். கணவன் வெளியூரில் இருந்தால் மனைவியே 108-ஐ அழைக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்கக் காத்திருக்க வேண்டாம். திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் வாய் மூடி இருக்க வேண்டாம்.

கர்ப்பிணித் தாய்க்குத் தேள் கொட்டினாலும் வலி பொறுக்கும் என்று வீட்டிலிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய்த் தாயையும் வயிற்றுக் குழந்தையையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பூரானும் மரவட்டையும்

பூரான் வேட்டையாடும். மரவட்டை மக்கிய இலை தழையைத் தின்னும். இரண்டையும் பலர் ஒன்றாக எண்ணுகிறார்கள். பூரான் தட்டையானது, வேகமாக ஓடும், ஒவ்வொரு கணுவிலும் ஒரு ஜோடிக் கால். வீட்டில் காணும் பெரிய பூரானுக்கு 21 ஜோடிக் கால்கள். மரவட்டை உருண்டையானது, மெதுவாக ஊரும், தொட்டால் சுருளும். கடிக்காது. அதைக் கையால் நசுக்கினால் வரும் நீர் தோலில் கறைபடியும், எரியும். அவ்வளவுதான்.

பூரான் கடித்தால் வலியும் வீக்கமும் கடுமையாக இருக்கும். உயிர் போவது மிக அரிது. சோப்பால் கழுவிவிட்டு, பொறுக்கக் கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் கையையோ காலையோ 20 நிமிடம் வைத்திருந்தால் வலி தணியும். குழந்தைகளுக்கு வெந்நீர் வைக்கும்போது பெரியவர் தம் முழங்கையை விட்டுச் சூடு பார்க்க வேண்டும். கொப்புளம் வந்தால், உதடோ முகமோ வீங்கினால், மூச்சு இரைத்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடம்பெங்கும் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிப்பதை "பூரான் கடி" என்று சொல்வது வழக்கம். பெரும்பாலும் அது ஏதோ ஒன்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் வரும் ஒவ்வாமை. என்றைக்கோ கடித்த பூரானின் விஷம் மாதக்கணக்கில் உடம்பில் தங்குவதில்லை. அடிக்கடி தடிப்பு வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காதுக்குள் பூச்சி புகுந்துவிட்டால் ஹேர்பின்னால் குத்தாதீர்கள். தலையைச் சாய்த்து, வெதுவெதுப்பான தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டால் பூச்சி செத்து அசைவு நின்றுவிடும். பிறகு மருத்துவமனையில் எடுத்துக்கொள்ளலாம். காதில் சீழ் வடிபவர்களுக்கு எண்ணெய் விடக் கூடாது. நேராக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எட்டுக்கால் பூச்சி

சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் காலைப் பரப்பி உட்கார்ந்திருக்கும் பெரிய எட்டுக்கால் பூச்சியைக் கண்டு பயப்படாதவர் இல்லை. வயிற்றுக்கு அடியில் வெள்ளை நாணயம் போல ஒன்றைச் சுமந்திருந்தால் அது அதன் முட்டைப் பை. இது வலை பின்னுவதில்லை. இரவில் ஓடி ஓடிக் கரப்பானைப் பிடிக்கிறது. துள்ளிக் குதிக்கும் சின்ன எட்டுக்கால் பூச்சி ஈயையும் கொசுவையும் பிடிக்கிறது. இவை நமக்குச் சம்பளமில்லாத காவலாளிகள். வேண்டாமென்றால் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி வெளியில் விட்டுவிடலாம்.

வயலிலிருந்து வரும் சிறு வண்டு

நெல் வயல் பக்கத்து வீடுகளில், மழைக்காலத்து இரவில் விளக்கைச் சுற்றி எறும்பு போன்ற ஒல்லியான சிறு வண்டு வரும். உடம்பில் கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். வயலில் இது நமக்கு நண்பன், நெல்லைத் தாக்கும் புகையானைத் தின்னும். கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. ஆனால் தூக்கத்தில் நம் தோலில் வைத்து நசுக்கிவிட்டால் அதன் உடல் நீர் பட்டு, மறுநாளோ அதற்கு மறுநாளோ தீப்பட்டாற்போல் கொப்புளம் கிளம்பும். அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் கண் வீங்கிவிடும். "அக்கி" என்று எண்ணி இதற்குக் காவி பூசிக்கொண்டிருப்பவர் பலர்.

தோலில் உட்கார்ந்தால் அடிக்காதீர்கள். ஊதிவிடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தையின் படுக்கைக்கு நேர்மேலே விளக்கை எரியவிட வேண்டாம்.

குளவிக் கூடும் கருவும்

சுவரிலும் கதவு மூலையிலும் மண்ணால் கூடு கட்டும் குளவி தனியே வாழ்வது. புழுவையோ எட்டுக்கால் பூச்சியையோ கொட்டி மயக்கிக் கூட்டில் அடைத்து, அதன்மேல் முட்டையிடும். குஞ்சுக்கு அது உணவு. நாம் தொந்தரவு செய்யாமல் இருந்தால் இது நம்மைக் கொட்டுவது அரிது.

"வீட்ல குளவி கூடு கட்டிருக்கு, மருமகள் உண்டாயிருக்கா" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கூட்டின் மண்ணைப் பார்த்து ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். கேட்க இன்பமாக இருக்கும். ஆனால் குளவிக்கு வேண்டியது ஈரமண்ணும் மழைபடாத சுவரும்தான். நம் வீட்டு நடப்பு அதற்குத் தெரியாது. மாதவிலக்கு தள்ளிப்போனால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பரிசோதித்து, முதல் மூன்று மாதத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு. மண்ணும் அல்ல, தாயும் அல்ல. கூடு கட்டியும் குழந்தை உண்டாகவில்லை என்று ஒரு பெண்ணின் மனத்தை நோகடிப்பது பெரும் பாவம்.

கதண்டு வேறு. மரத்திலோ பனையிலோ பெரிய கூடு கட்டிக் கூட்டமாக வாழ்வது. கூட்டைக் கலைத்தால் துரத்திக் கொட்டும். பல கொட்டு ஒரே சமயத்தில் பட்டால் உயிருக்கு ஆபத்து. தீப்பந்தம் காட்டியோ கல்லெறிந்தோ கலைக்காதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

என்ன கடித்தது என்றே தெரியாவிட்டால்?

இதை இரண்டு முறை படியுங்கள். தரையில் படுத்திருந்தவர் நள்ளிரவில் "ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்" என்று திரும்பிப் படுத்துவிடுகிறார். கட்டுவிரியன் பாம்பு கடித்தால் வலியும் வீக்கமும் இல்லாமலே போகலாம். கடிவாய்கூடச் சரியாகத் தெரியாது. சில மணி நேரம் கழித்து வயிற்றுவலி, கண் இமை தொங்குதல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை என்று ஒவ்வொன்றாக வரும். ஆகவே இரவில் தெரியாத கடி என்றால் பாம்புக்கடி என்றே எண்ணி, கடித்த கையையோ காலையோ அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பூச்சிதான் என்று மருத்துவர் சொன்னால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம்.

வராமல் தடுப்பது எப்படி?

• விறகு, வரட்டி, செங்கல், தேங்காய் மட்டை ஆகியவற்றை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். சற்றுத் தள்ளி அடுக்குங்கள். வெறுங்கையை உள்ளே விடாமல் குச்சியால் தட்டிவிட்டு எடுங்கள்.
• சுவர் வெடிப்பையும் தரைப் பொந்தையும் பூசி அடையுங்கள். வாசற்படிக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள சந்தை மறையுங்கள்.
• கூடியவரை கட்டிலில் படுங்கள். கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுங்கள். கொசுவையும் தடுக்கும், தேளையும் தடுக்கும்.
• தூளித் துணி, குழந்தையின் சட்டை, தலையணை, செருப்பு ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் உதறிவிட்டுப் பயன்படுத்துங்கள்.
• இரவில் வெளியே போக டார்ச் லைட்டும் செருப்பும் வேண்டும்.
• எச்சில் பாத்திரத்தை இரவில் போட்டு வைக்காதீர்கள். கரப்பான் குறையும். கரப்பான் குறைந்தால் பூரானும் குறையும்.
• கோழி வளர்ப்பவர் வீட்டில் கோழிகள் தேளையும் பூரானையும் கொத்தித் தின்றுவிடும்.
• வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை வீட்டுக்குள் அடிக்கவே கூடாது. பூச்சியைவிட அது குழந்தைக்குப் பெரிய எமன்.

இது ஆண் வேலை, அது பெண் வேலை என்று பிரிக்காமல், வாரம் ஒரு நாள் இருவரும் சேர்ந்து வீட்டைத் தட்டிக் கூட்டினால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். தேளை எடுக்க நீளமான இடுக்கியும், காலில் செருப்பும் இருக்க வேண்டும்.

நினைவில் வைக்க

1. சின்னத் தேள், மெலிந்த கொடுக்கு: பெரிய ஆபத்து.
2. வாந்தி, வியர்வை, சில்லிட்ட கை: உடனே மருத்துவமனை.
3. கட்டாதே, கீறாதே, காத்திராதே.
4. இரவில் தெரியாத கடி: பாம்புக்கடி என்றே எண்ணு.
5. 108: கணவனுக்கும், மனைவிக்கும், எண் தெரிந்த பிள்ளைக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

படித்து முடித்ததும் இந்த ஏட்டை அடுத்த வீட்டாரிடம் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பிறந்த பிள்ளைகள் எல்லாம் நல்லபடி வளர்ந்து ஆளாவதே குடும்ப நலம்.